காலில் நடந்த ஞானப்பாட்டு

கடலோரத்து லுத்தரன் கோயில் ஒன்றில் பைப் ஆர்கன் வாசித்தவர் எப்சிபா டீச்சர். வயது முப்பத்திரண்டு. அவரிடம் பாடம் கேட்க வந்த ஒரே சீடர் தையல்காரர் அருமைநாயகம். ஐம்பத்தைந்தைத் தாண்டியவர்.

ஈஸ்டருக்கு ஒரு முன்னிசை வாசிக்க வேண்டும். பழைய ஜெர்மன்காரர் ஒருவர் எழுதியது. சபை ஞானப்பாட்டைப் பாடுமுன் அதன் மெட்டை ஆர்கன் மட்டும் அலங்கரித்து வாசிப்பது அங்கே வழக்கம். இரண்டு கைகளும் மேலே ஓடிக்கொண்டே இருக்கும். மெட்டோ கீழே, காலால் மிதிக்கும் கட்டைகளில், ஆற அமர நடந்து வரும்.

இந்த முன்னிசைக்கு முதல் ஒரு மாதம் டீச்சர் அவரைக் கையால் வாசிக்க விடவே இல்லை.

"கை மடியில இருக்கட்டும். கால் மட்டும்."

"மிதிக்கிறதுக்கா வந்தேன் டீச்சர்? அதைக் கடையிலேயே மிதிச்சுக்கிட்டிருப்பேனே."

"கடை மெஷின் பாடாதே அண்ணே."

பிறகு கையும் சேர்ந்தது. கூடவே பயமும் சேர்ந்தது. ஏற்கெனவே இரண்டு பண்டிகைகளில், நடுவில் மறந்துபோய், பாதியில் எழுந்து ஓடியவர் அவர்.

ஈஸ்டர் காலை. கோயில் நிரம்பியிருந்தது. ஆர்கன் இருந்த மாடத்தில் அருமைநாயகம் ஷூ மாட்டிக்கொண்டு உட்கார்ந்தார்.

"கை மறந்துட்டா என்ன செய்யறது டீச்சர்?"

டீச்சர் குனிந்து அவருடைய ஷூ கயிற்றை இறுக்கிக் கட்டிவிட்டார்.

"ஐயோ, நீங்க போய் என் காலை... இன்னிக்கும் தடுமாறினா இந்தப் படி ஏற மாட்டேன். சொல்லிட்டேன்."

"சரி, வாசிங்க."

முதல் பக்கம் போயிற்று. இரண்டாம் பக்கத்தில் சுரங்கள் வெறும் புள்ளிகளாகத்தான் தெரிந்தன. கைகள் நின்றுவிட்டன. எழுந்து ஓடலாம் என்றால், கால் அதற்குள் அடுத்த கட்டையில் இருந்தது. அதற்கடுத்ததிலும்.

கைகளின் ஆரவாரம் எதுவும் இல்லாமல் மெட்டு மட்டும் தனியே நடந்தது.

கீழே, மீன் விற்கிற சாலம்மாள் நிமிர்ந்தாள். "அடி, இது நம்ம பாட்டாச்சே!"

முன்னிசையில் யாரும் பாடக் கூடாது. அவள் பாடினாள். பக்கத்துப் பெஞ்சு பாடியது. பிள்ளைகள் கத்தினார்கள். போதகரும் புத்தகத்தை மூடிவிட்டுச் சேர்ந்துகொண்டார். மூன்றாம் அடியில் அருமைநாயகத்தின் கைகளும், ஆராதனைக்குப் பிந்தி வந்தவர்களைப் போல, சத்தமில்லாமல் வந்து உட்கார்ந்தன.

எல்லாம் முடிந்து கோயில் காலியானது. அவர் தலை நிமிரவில்லை.

"சொன்ன சொல்லு சொல்லுதான் டீச்சர். நான் இறங்கிக்கிறேன்."

"ஏன் அண்ணே?"

"என்ன ஏன்? அரைப் பக்கம் கையே இல்லையே! கேட்டுக்கிட்டுதானே இருந்தீங்க?"

டீச்சரின் தொண்டை கரகரத்திருந்தது.

"எந்த இடத்துல? நான் பாடிக்கிட்டிருந்தேனே."