சேம்பிலைமேல் கண்ணுக்குத் தெரியாத மேடுகள்

செடியும் பூச்சியும் மனிதரோடு வாயாடிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், சேம்பிலை வழுவழுவென்று இருந்தது. பார்க்க அழகுதான். மழை பெய்தால் மட்டும் பழந்துணிபோல் ஊறித் தொங்கிவிடும்.

வெள்ளத்தாய் நாற்று நடப் போகும்போது கைக்குழந்தையை வாய்க்கால் கரையில் சேம்புக்கு அடியில் கிடத்துவாள். வீட்டில் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. ஒரு நாள் திடீரென்று மழை பிடித்துக்கொண்டது. அவள் சேற்றிலிருந்து ஓடி வருவதற்குள் இலை ஊறிக் கவிழ்ந்து, தேங்கிய நீரையெல்லாம் குழந்தையின் மேலேயே கொட்டிவிட்டது. குழந்தைக்குக் காய்ச்சல் கண்டது.

“உன்னய நம்பித்தானே எம்புள்ளயக் கிடத்துனேன்?” என்று அழுதாள் வெள்ளத்தாய். “காய்ச்ச விட்டாலும் இங்கதான் தூக்கிட்டு வரணும். இன்னொரு மழைய இது தாங்காதே.”

சேம்புக்கு மனம் ஆறவில்லை. அந்தக் கரையில் கட்டுமான வேலை தெரிந்தவை கறையான்கள் மட்டும்தான். இலை தழை கிடைத்தால் அரித்துத் தின்கிற கூட்டம். அதைப் போய் யாராவது தன் மேல் ஏறச் சொல்வார்களா? சேம்பு சொன்னது.

“எம்மேல ஏறி மேடு மேடாக் கட்டுங்க. தண்ணி உக்கார இடமே இருக்கக் கூடாது.”

கறையான்கள் கடுகளவு மேடுகள் கட்டின. தண்ணீர் இடுக்கில் புகுந்து சுகமாக உட்கார்ந்தது. ரவையளவு கட்டின. அப்போதும் ஒட்டியது.

“இன்னும் சின்னதா,” என்றது சேம்பு.

“இதுக்கு மேல சின்னதுன்னா கண்ணுக்கே தெரியாதே!” என்று சிரித்தது பக்கத்தில் இருந்த தவளை.

“தெரியாட்டி என்ன? எங்களுக்குத்தான் கண்ணே கிடையாதே,” என்றது மூத்த கறையான். பிறகு சேம்பிடம், “கட்டிட்டா பிரிக்க முடியாது. கோடையில நீ தாகத்துல வாடினாலும் இலைமேல விழுற சொட்டு உனக்குச் சேராது. யோசிச்சுக்க,” என்றது.

மேகம் கறுத்திருந்தது. வரப்பில் வெள்ளத்தாய் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்துகொண்டிருந்தாள்.

“கட்டுங்க,” என்றது சேம்பு.

அன்று மழை கொட்டித் தீர்த்தது. இலைமேல் விழுந்த நீர் முத்து முத்தாகத் திரண்டு, தூசியையும் வாரிக்கொண்டு ஓரமாக உருண்டு போனது. வயலிலிருந்து ஓடி வந்த வெள்ளத்தாய் இலைக்கு அடியில் கிடந்த குழந்தையின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். ஒரு சொட்டு ஈரம்கூட இல்லை.

கோடையில் வாய்க்கால் வற்றியது. இலைமேல் நின்ற பனித்துளியைக் குடிக்க முடியாமல் சேம்பு துவண்டு கிடந்தது. வெள்ளத்தாய் அதைக் கிழங்கோடு பெயர்த்து எடுத்துப் போய், குழந்தையைக் குளிப்பாட்டுகிற தண்ணீர் ஓடும் இடத்தில் நட்டாள்.

அன்று முதல்தான் சேம்பிலையில் தண்ணீர் ஒட்டுவதில்லை. அந்த மாதிரி மேடுகளைத்தான் இன்று நானோ என்று பெயர் வைத்து, நனையாத மழைக்கோட்டிலும் குழம்பு சிந்தினாலும் கறை பிடிக்காத சட்டையிலும் ஏற்றி விற்கிறார்கள். குளியல் தண்ணீர் ஓடும் இடத்தில் சேம்பு வைப்பதும் அன்று முதல்தான். மேலே ஊற்றினால் அதற்குச் சேராது என்று வெள்ளத்தாய்க்குத் தெரிந்திருந்தது.