இரண்டாம் மகசூல்

இன்னாசியம்மாளின் ஒயின் ஆலைக்கு வருகிறவர்கள் எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள்.

"கம்பம் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்து, ஆஸ்திரேலியாவின் இந்தக் குளிர் மலையில் எப்படியம்மா இவ்வளவு பெரிய ஆளானீர்கள்?"

அவர் சிரித்துக்கொண்டே அடுத்த கோப்பையை ஊற்றுவார். கெட்டிக்கார வியாபாரி. பதில் சொல்லாமலே இரண்டு பாட்டில் விற்றுவிடுவார்.

ஒரு காலையில் வியாகப்பன் அதே கேள்வியோடு வந்தார், கையில் கோடாலியோடு.

வியாகப்பன் அதே ஊர்க்காரர். இன்னாசியம்மாளைவிட வயதில் மூத்தவர், ஆனாலும் சீடர். அந்த ஆலையின் பீப்பாய் அறையில் சில வருஷம் தொழில் கற்று, அந்த வருஷந்தான் பக்கத்துச் சரிவில் சொந்தத் தோட்டம் பிடித்திருந்தார். ஒயின் வடிக்கத்தான் கற்றுக்கொண்டார். கொடியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. திராட்சைப் பந்தலுக்கு அடியிலேயே தவழ்ந்து வளர்ந்த மனிதருக்குக் கேட்க என்ன இருக்கிறது? வினையே அங்கேதான்.

"தாயி, நீ எப்படி ஜெயிச்சேன்னு எனக்கு வெளங்கல. எனக்கு எல்லாம் போச்சு. கொடிய வேரோட வெட்டிப் போட்டுட்டு ஊருக்குப் போறேன். சொல்லிட்டுப் போக வந்தேன்."

"என்னண்ணே செஞ்சீங்க?"

"பழம் அறுத்த கையோட கவாத்து வெட்டினேன். நம்மூர்ல அப்படித்தான? வெட்டினாத் தளிரும், நாலு மாசத்துல அடுத்த பழம். இங்க இருக்குறவங்க வருசத்துக்கு ஒரு தரந்தான் எடுக்குறாங்க. நாம ரெண்டு எடுத்துக் காட்டுவோம்னு நெனச்சேன்."

"எங்கிட்டச் சொல்லலையே."

"பழத்தோட வந்து சொல்லலாம்னு இருந்தேன்."

தளிர் வரத்தான் செய்தது. பச்சைப்பசேலென்று வந்தது. அதன்மேல் உறைபனி இறங்கி, சரிவு முழுவதும் கருகிப்போய்விட்டது.

இன்னாசியம்மாள் கோட்டு மாட்டிக்கொண்டு அவரோடு அவர் தோட்டத்துக்கு நடந்தார். முதல் வரிசையில் குனிந்து, ஒரு கொடியின் பட்டையை நகத்தால் சுரண்டினார்.

"பாருங்க."

உள்ளே பச்சை.

வியாகப்பன் கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தார். கோடாலியைக் கீழே போட்டார். மறுகணமே அவர் கை இடுப்பிலிருந்த கத்தரிக்குப் போயிற்று.

"உசுரு இருக்கு தாயி! கருகினத எல்லாம் வெட்டிட்டு, உரம் வச்சுத் தண்ணியும் பாய்ச்சினா..."

இன்னாசியம்மாள் கத்தரியைப் பிடுங்கித் தன் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"அப்ப நான் என்னதான் செய்ய?"

"ஒண்ணும் செய்யாதீங்க. இப்ப வெட்டினா மறுபடி தளிரும், பனி மறுபடி கருக்கும்."

"பொழைக்க வந்த எடத்துல சும்மா உக்காந்தா எவன் சோறு போடுவான்?"

"நான் போடுறேன். பீப்பாய் கழுவ வாங்க. கொடிப் பக்கம் மட்டும் போயிராதீங்க. அது தூங்கட்டும்."

"கொடி எங்கயாச்சும் தூங்குமா? நம்மூர்ல வருசம் பூரா காய்க்குதே!"

"கொடி நம்மூர்லருந்து வரல அண்ணே. நாமதான் வந்திருக்கோம்."

மறுநாள் காலை வியாகப்பன் பீப்பாய் கழுவப் போனார்.

அந்தக் குளிர்காலம் அவருக்குப் பெரிய தண்டனையாக இருந்தது. பீப்பாய் கழுவிவிட்டு, சாயங்காலம் வேலிக்கு வெளியே கைகளைப் பைக்குள் விட்டுக்கொண்டு நிற்பார். உள்ளே வெறும் குச்சிகள். அடுத்த தோட்டக்காரரும் அப்படித்தான் வெறுமனே நின்றார். முதல்முறையாக இருவரும் பெயர் சொல்லிக்கொண்டார்கள். அதன்பிறகு பொழுது கொஞ்சம் நகர்ந்தது.

குளிர் தணிந்த ஒரு காலையில் இன்னாசியம்மாள் வந்து கத்தரியை நீட்டினார்.

"வெட்டுங்க."

வியாகப்பன் வாங்கினார். கொடியருகே கொண்டுபோனவர் நிறுத்தினார்.

"எந்தக் கணுவுக்கு மேல வெட்டட்டும் தாயி?"

இன்னாசியம்மாளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. காட்டிக்கொள்ளாமல் விரலால் தொட்டுக் காட்டினார்.

வெட்டிய இடத்தில் ஒரு சொட்டு நீர் திரண்டது. சொட்டியது. மறுபடி திரண்டது. ஊரில் ஆயிரம் தடவை பார்த்ததுதான். ஆனாலும் வியாகப்பன் சின்னப்பிள்ளை மாதிரி கத்தினார்.

"தண்ணி ஏறிருச்சு! தாயி, முழிச்சிருச்சு!"

சிரிப்பும் அழுகையுமாக அந்த வரிசை முழுவதையும் வெட்டி முடித்தார். முடித்ததும் திரும்பி நின்று கேட்டார்.

"ஆமா, நீ இங்க வந்த புதுசுல, உங்கிட்டயிருந்து கத்தரியப் பிடுங்கினது யாரு?"

"யாரும் இல்லண்ணே. செத்துருச்சுன்னு நானே வெட்டிப் போட்ட என்னோட மொதத் தோட்டம் அந்தக் குளிர்காலம் பூரா எங்க வீட்டு அடுப்புல எரிஞ்சுச்சு. அடுத்த வரிசைக்குப் போங்க, வெயில் ஏறுது."