பழுப்புப் பக்கம்

அமிலத் தொட்டிகளுக்கு உள்ளுறை போடுகிற பட்டறை அது. எல்லாமே வெள்ளை. வால்வின் வயிறு, குழாயின் தொண்டை, மூடியின் உட்புறம், எங்கும் டெஃப்லான். கூரைக் கண்ணாடி வழியாக மதிய வெயில் இறங்கும்போது, மேகத்துக்குள் நின்று வேலை செய்வதுபோல் இருக்கும்.

சுலைகாதான் அங்கே மாஸ்டர். அவளிடம் தொழில் கற்க வந்த தனுஷ்கோடிக்கு அவளைவிட வயது நிறையவே கூட. அவள் 'அண்ணே' என்பாள். அவர் 'மாஸ்டர்' என்பார்.

அன்று காவலாளி வந்து கதவருகே நின்றான்.

"கோடி அண்ணே, உங்க மக வந்திருக்கு. கைக்குழந்தையோட. கேட்டுல நிக்குது."

சொல்லாமல் கொள்ளாமல் கல்யாணம் செய்துகொண்டு போனவள் செவ்வந்தி. அதற்குப் பிறகு இப்போதுதான் வருகிறாள்.

"நான் லீவுன்னு சொல்லிரு."

"பொய் சொல்றதுக்கும் சேத்தா எனக்குச் சம்பளம் தர்றாங்க?" என்று முனகிய காவலாளி, நகராமல் நின்றான்.

தனுஷ்கோடி கையிலிருந்த வெள்ளைத் தகட்டைத் தடவினார். எந்த அமிலம் பட்டாலும் அதில் ஒரு தடம் விழாது. தண்ணீர்கூட உருண்டு ஓடிவிடும்.

"மாஸ்டர், மனுஷன் இது மாதிரி ஆகணும்னா என்ன பண்ணணும்?"

சுலைகா பசை டப்பாவை அவர் பக்கம் தள்ளினாள்.

"அந்த இரும்பு மூடியில அதை ஒட்டுங்க."

பசை இறுகும்வரை அழுத்திப் பிடித்தார். கையை எடுத்ததும் தகடு கழன்று, சத்தமில்லாமல் தரையில் விழுந்தது.

"பாத்தீங்களா, எதுவும் பிடிக்க மாட்டேங்குது," என்றார், கொஞ்சம் பெருமையாகவே.

"ஆமா. அதான் எந்தத் தொட்டிக்கும் ஆகாம இங்க கிடக்கு."

கறுப்பு உறையிலிருந்து இன்னொரு தகட்டை உருவினாள். ஒரு பக்கம் வெள்ளை. மறுபக்கம் தீய்ந்த பழுப்பு.

"இதுக்கு என்ன ஆச்சு?"

"ஒரு பக்கத்தை மட்டும் மருந்துல காட்டி எடுத்தேன். அமிலத்தால முடியாததை அந்த மருந்து செஞ்சிரும். மேல்தோலை அரிச்சிரும்."

பழுப்புப் பக்கத்தில் பசை தடவி ஒட்டினார். பசை இறுகியதும் தகட்டைப் பிடித்து இழுத்தார். மூடியும் சேர்ந்து மேலே வந்தது.

தகட்டின் ஓரத்தை நகத்தால் நெம்பிப் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்:

"அவ பேரைக் கேட்டாலே எனக்கு உள்ள எரியுது, மாஸ்டர்."

"தெரியுதுண்ணே."

"இந்த எரிச்சல் அடங்கட்டும். அப்புறமாப் போய்ப் பாத்துக்கிறேன்."

சுலைகா ஜன்னலோரம் போனாள். அங்கே வெயிலில் கிடந்த ஒரு தகட்டை எடுத்து வந்து அவர் கையில் வைத்தாள். இரண்டு பக்கமும் வெள்ளை.

"இதுவும் பழுப்பா இருந்ததுதான். அப்புறம் ஒட்டிக்கலாம்னு யாரோ உறையில போடாம விட்டுட்டாங்க. வெளிச்சம் பட்டுப் பட்டு வெளுத்துருச்சு."

அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இப்ப ஒட்டினா?"

"இனிமே ஒட்டாதுண்ணே."