ஆட்டின் வயிறு

செல்வின் கோபத்தோடு வந்தான். தொடக்கப் பள்ளியில் ஓவிய ஆசிரியன். மாலைகளில் திலகமணியம்மாளிடம் ஓவியம் கற்கும் சீடன்.

"வரைய மாட்டேன்கிற பிள்ளையை எப்படிம்மா வரைய வைக்கிறது?"

"யாரு?"

"மூணாங்கிளாஸ் முத்தரசி. முன்னெல்லாம் தரையைக்கூட விடமாட்டா. இப்போ கிரேயானைக் கையில கொடுத்தா, திரும்பப் பெட்டியில வைக்கிறா. அத்தனையும் திமிர். அதட்டியும் பார்த்துட்டேன்."

"கடைசியா என்ன வரைஞ்சா?"

பையிலிருந்து ஒரு தாளை எடுத்துக் கொடுத்தான். பள்ளிக் கண்காட்சியில் முதல் பரிசு வாங்கிய படம். பழுப்பு ஆடு ஒன்று கொழுகொழுவென்று நின்றது.

அம்மாள் அதை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். "வயித்துல மட்டும் வண்ணம் ஏன் இவ்வளவு தடிப்பா இருக்கு?"

"அதுவா? உள்ள ஒரு குட்டியை வரைஞ்சிருந்தா. சினை ஆடாம். குட்டி தூங்குதாம். வயித்துக்குள்ள இருக்கிறது வெளிய தெரியுமா? அதிகாரிங்க வர்ற விழா. நானே பிரவுன் அடிச்சு மூடிட்டேன். கண்காட்சிக்கு முன்னால எல்லா வாத்தியாரும் செய்யறதுதான்."

"பரிசு வந்துச்சு."

"வந்துச்சே!"

அம்மாள் எழுந்தார். அறையின் மூலையில் மரத் தாங்கியின் மேல் செல்வினின் ஓவியம் இருந்தது. மழைத் தெரு. திறந்த சன்னல் ஒன்றில் ஒரு பெண். அந்த முகத்தோடு மாதக்கணக்கில் மல்லுக்கட்டியிருந்தான். வண்ணம் இன்னும் காயவில்லை.

பட்டைத் தூரிகையைச் சாம்பல் நிறத்தில் தோய்த்தார்.

"இந்த மழையில எவளாவது சன்னலைத் திறந்து வைப்பாளா?"

மேலிருந்து கீழாக ஒரே இழுப்பு. சன்னல் மூடிக்கொண்டது. பெண் இல்லை.

"ஐயோ!" செல்வின் பாய்ந்து அவர் கையைப் பிடித்தான். "யாரைக் கேட்டுத் தொட்டீங்க? உங்களுக்கென்ன பைத்தியமா? என் படம் அது!"

"நல்லா வரணும்னுதான்."

"நல்லாவா? அவளுக்காகத்தான் அந்தத் தெருவையே வரைஞ்சேன்!"

அம்மாள் கையை உதறி விடுவித்துக்கொண்டார்.

"குட்டி மேல வண்ணம் அடிச்சப்போ முத்தரசி எங்க இருந்தா?"

"பக்கத்துலதான்."

"உன் கையைப் பிடிச்சாளா?"

"இல்ல."

"கத்தினாளா?"

"இல்ல."

"பின்னே?"

செல்வினின் குரல் இறங்கியது. "கையைக் கட்டிக்கிட்டு, 'தேங்க்யூ சார்'னு சொன்னா. வகுப்புல அப்படித்தான் பழக்கி வச்சிருக்கேன்."

அம்மாளுக்கு முகம் சிவந்துவிட்டது. தூரிகையிலிருந்து சாம்பல் நிறம் தரையில் சொட்டியது.

"கையைக் கட்டு" என்றார். "சொல்லு."