குமிழிக்குள் போன ஓங்கில்

பவளப் பாறைக்குக் கிழக்கே ஓங்கில்கள், அதாவது டால்பின்கள், வாழ்ந்தன. மேற்கே வாள்மீன்கள் வாழ்ந்தன. பாறையின் நடுவில் ஒரு வாசல் இருந்தது. அந்த வாசல் வழியாகத்தான் தினமும் சாளை மீன் கூட்டம் போகும். முதலில் வந்தவர்களுக்கு வயிறு நிறையும். பிந்தி வந்தவர்களுக்குச் செதில்தான் மிஞ்சும்.

பெரும்பாலும் பிந்துவது ஓங்கில்கள்தான். குட்டிகளுக்காக நின்று நின்று, ஒன்றையொன்று சீழ்க்கை அடித்துக் கூப்பிட்டுக்கொண்டு, அவை கூட்டமாகத்தான் வரும். ஒவ்வொரு ஓங்கிலுக்கும் தனிச் சீழ்க்கை உண்டு. அதுதான் அதற்குப் பெயர்.

ஒருநாள் கூரியன் என்ற வாள்மீன் வாசலில் நின்று சிரித்தது.

"அங்க வர்றது ஓங்கில் கூட்டமா, கல்யாண ஊர்வலமா!"

இதைக் கேட்ட சூறன் என்ற இளம் ஓங்கிலுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. நேராகச் சொடுக்கிறாலைத் தேடிப் போனது. விரல் நீளம்கூட இல்லாத இறால்தான். ஆனால் கொடுக்கை ஒரு சொடுக்குச் சொடுக்கினால் குமிழி வெடித்துக் கல் தெறிக்கும். உடம்பு சின்னது, பேச்சு பெரிது.

"அண்ணே, எனக்கு வேகம் வேணும்!" என்றது சூறன்.

"உன்னைப் பிடிச்சு இழுக்கிறது யாரு தெரியுமா தம்பி? தண்ணி! தண்ணி மேல படாமப் போனா உன்னை எவனும் பிடிக்க முடியாது."

"தண்ணிக்குள்ள இருந்துக்கிட்டே தண்ணி படாம எப்படிண்ணே போறது?"

"குமிழிக்குள்ள போ! மூச்சை முன்னால ஊது. வாலால ஒரே அடி அடி. குமிழி உன்னை மூடிக்கும். ஆனா ரெண்டு விஷயம். உள்ள போயிட்டா வளைஞ்சு திரும்ப முடியாது. வெளியில யாரு கத்தினாலும் கேக்காது."

"திரும்புறதும் கேக்குறதும் மெதுவாப் போறவங்க கவலைண்ணே!" என்றது சூறன்.

மறுநாள் சூறன் குமிழிக்குள் பாய்ந்தது. மூழ்கிக் கிடந்த பழைய வள்ளத்தின் பலகை ஒரே முட்டில் பிளந்தது. கிழக்குக் கூட்டமே துள்ளியது.

"நம்ம சூறன் இருக்கும்போது இனி எவன் வாலாட்டுவான்!" என்று கூட்டத்தின் தலைவர் மூப்பர் பெருமைப்பட்டார்.

வாலாட்ட ஆள் தயாராகத்தான் இருந்தது. இறால் அன்றைக்கே மேற்கே போய்க் கூரியனுக்கும் அதே வித்தையைச் சொல்லிக் கொடுத்துவிட்டது. கூரியன் நீர்மட்டத்துக்கு வந்து வாய் நிறையக் காற்றை விழுங்கிப் பாய்ந்தது. இரண்டு பலகை பிளந்தது. சூறன் மூன்று பிளந்தது. கூரியன் பாறையிலேயே ஓட்டை போட்டது. இத்தனைக்கும் ஒருநாளாவது சண்டை நடந்ததா என்றால், இல்லை. ஒருவரை ஒருவர் பயமுறுத்தவே இருவருக்கும் பொழுது போதவில்லை.

குமிழிக்குள் இருப்பது சூறனுக்கு முதலில் சுகமாக இருந்தது. அலை இல்லை, குட்டிகளின் கூச்சல் இல்லை. பிறகு ஒரு விஷயம் உறுத்தியது. சூறன் வந்தாலே கூட்டம் விலகி வழி விட்டது. தாய்கள் குட்டிகளை இழுத்துக்கொண்டு ஒதுங்கின. புகழ்ந்துகொண்டேதான் ஒதுங்கின. பலகையைப் பிளக்கிற மூக்குக்குப் பக்கத்தில் யார் வந்து தூங்குவார்கள்? சூறனின் மனைவி பவளி மட்டும் பக்கத்தில் வந்தாள். அப்போது அவள் வயிற்றில் குட்டி இருந்தது.

"நேத்து உங்களை மூணு தடவ கூப்பிட்டேங்க. நீங்க திரும்பவே இல்ல."

"குமிழிக்குள்ள கேக்காது பவளி."

"அவசரம்னா நான் உங்களை எப்படி நிறுத்துறது?"

"என்னை எதுக்கு நிறுத்தணும்? என்னைத் தாண்டி உன்கிட்ட எந்த அவசரம் வரும்?"

 பவளி அதன் துடுப்பில் தன் துடுப்பை வைத்துக்கொண்டு சற்று நேரம் மிதந்தாள்.

அந்த வாரம் கூரியன் ஒரு செய்தி அனுப்பியது. "நாலு நாள் விடாம ஓடிக் காட்டுறேன்! முடிஞ்சா நீயும் ஓடு!"

சூறன் விடுமா? கடலின் ஒரு கோடிக்குப் போய், அங்கே குமிழியை உடைத்துத் திரும்பி, மறுபடி ஊதிக்கொண்டு மறு கோடிக்கு வருவதுமாகக் குமிழிக்குள் ஓடியது. மேற்கே கூரியனும் ஓடியது. இரண்டும் சேர்ந்து போட்ட இரைச்சலில் கடலே அதிர்ந்தது. சாளைக் கூட்டம் மிரண்டு வேறு வழியைப் பார்த்துக்கொண்டு போய்விட்டது. வாசலில் செதில்கூட மிஞ்சவில்லை.

இரண்டு நாள் பட்டினி கிடந்தன ஓங்கில்கள். குட்டிகள் சோர்ந்துவிட்டன.

"கிளம்புவோம். சாளை போன பக்கமே போயிடுவோம். சூறனைக் கூப்பிடுங்க!" என்றார் மூப்பர்.

கூட்டம் முழுவதும் சூறனின் சீழ்க்கையை அடித்தது. பவளிதான் எல்லோரையும்விட உரக்க அடித்தாள். சூறன் கிழக்கேயிருந்து வந்தது, அவர்கள் தலைக்கு மேலேயே பாய்ந்து போய்விட்டது. திரும்பி வந்தது, மறுபடியும் போய்விட்டது. மூன்றாவது தடவை பவளி குறுக்கே போகப் பார்த்தாள். மூப்பர் அவளை மறித்தார்.

"வேண்டாம்மா. அவன் நிக்க மாட்டான். உன் வயித்துப் பிள்ளையை நினை."

ஒரு பகல் முழுக்கக் காத்திருந்தார்கள். பிறகு போய்விட்டார்கள். பவளி கடைசியாகப் போனாள். போகும்போதும் கூப்பிட்டுக்கொண்டேதான் போனாள்.

நான்காம் நாள் சூறன் குமிழியை உடைத்துக்கொண்டு வெளியே வந்தது.

"முடிச்சுட்டேன்!" என்று கத்தியது.

யாரும் துள்ளவில்லை. பாறையைச் சுற்றிச் சுற்றி வந்தது. பவளியின் சீழ்க்கையை அடித்தது. காத்திருந்தது. மறுபடி அடித்தது. கடலில் அவ்வளவு அமைதியை அது அதற்கு முன் கேட்டதில்லை.

இறால் பொந்திலிருந்து எட்டிப் பார்த்தது.

"அவங்க போயிட்டாங்க தம்பி. ஒரு பகல் பூரா உன்னைக் கூப்பிட்டாங்க. மூணு தடவ அவங்க தலைக்கு மேலதான் போன."

"எந்தப் பக்கம் போனாங்கண்ணே?"

"கூப்பிட்டதும் நீ பாஞ்சதும் காதுல விழுந்துச்சு. போன பக்கத்தை நான் எங்க பாத்தேன்? உங்க இரைச்சலுக்குப் பயந்து பொந்துக்குள்ள இல்ல கிடந்தேன்!"

அப்போது மேற்கேயிருந்து கூரியன் வந்தது. அதன் கூட்டமும் அதை விட்டுவிட்டுப் போயிருந்தது. இரண்டும் முதல்முறையாக வாசலில் அருகருகே நின்றன.

"யாரு ஜெயிச்சது?" என்று கூரியன் மெதுவாகக் கேட்டது.

"தெரியல. பாக்க யாருமே இல்லையே," என்றது சூறன்.

கூரியன் தலையைக் குனிந்துகொண்டு ஒரு பக்கம் போனது. சூறன் மறுபக்கம் பார்த்துக் குமிழியை ஊதியது. அந்த வேகத்தில் போனால் அவர்கள் எங்கே இருந்தாலும் எட்டிப் பிடித்துவிடலாம். ஆனால் குமிழிக்குள் பவளி கூப்பிடுவது கேட்காது. பக்கத்திலேயே இருந்தாலும் தாண்டிப் போய்விட வேண்டியதுதான். குமிழியை விட்டு நீந்தினால் நன்றாகக் கேட்கும். ஆனால் அதற்குள் அவர்கள் எவ்வளவு தூரம் போயிருப்பார்களோ? குட்டியும் பிறந்திருக்குமோ, என்னவோ! அதன் சீழ்க்கை எப்படி இருக்கும் என்பதே சூறனுக்குத் தெரியாது.

சூறன் கொஞ்ச தூரம் பாய்ந்தது. நின்றது. காது கொடுத்துக் கேட்டது. ஒன்றும் கேட்கவில்லை. மறுபடி கொஞ்ச தூரம் பாய்ந்தது. நின்றது. அந்தப் பெரிய கடலில் அது இன்னும் அப்படித்தான் போய்க்கொண்டிருக்கிறது.

நம்மைக் கூப்பிடுகிறவர் குரல் காதில் விழாத வேகம், எதிரியை முந்துகிறதோ இல்லையோ, சொந்தத்தைத் தொலைத்துவிடும்.