பனிமலைக்கு மேலே கருவரி

தாமிரபரணி பாயும் ஊர்ப்பக்கம் ஒரு பெரிய குளத்தில் வரித்தலை வாத்துகள் கூட்டமாகத் தங்கியிருந்தன. பங்குனி வெயில் ஏறியதும் அவை வடக்கே கிளம்பின. அவை முட்டையிடும் ஏரி பனிமலைக்கு அந்தப் பக்கம் இருந்தது. மேகமே ஏறமுடியாமல் பாதியில் நின்றுவிடும் மலை அது. அதை ஒரு வாத்து சிறகடித்தே தாண்டும் என்றால் நம்ப முடிகிறதா? தாண்டத்தான் செய்கிறது!

கூட்டத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. முன்னால் பறக்கும் பறவைதான் எதிர்காற்றைக் கிழித்துக்கொண்டு போகவேண்டும். மற்றவை அதன் வாலைப் பார்த்தே பின்னால் வரும். அது ஏறினால் ஏறும், இறங்கினால் இறங்கும். முன்னால் பறக்கும் பறவைக்குக் களைப்பு வந்தால், "இடம் மாத்து" என்று சொல்லிவிட்டுப் பின்னுக்கு வந்துவிடலாம். ஏன் என்று யாரும் கேட்பதில்லை.

அந்தச் சொல்லைச் சொல்லாத ஒரே வாத்து கருவரி. கூட்டத்திலேயே வலுவான பறவை அதுதான். குளத்தை விட்டுக் கிளம்பியதிலிருந்து அதுவேதான் முன்னால் பறந்தது. வழியில் நீர் கண்டு இறங்கினாலும் அதற்கு இருப்புக் கொள்ளாது. மற்றவை மேயும்போதும் தூங்கும்போதும் கரையில் கழுத்தை நீட்டிக்கொண்டு காவல் நிற்கும். தண்ணீர் குடித்தால் உடம்பு கனத்துவிடும் என்று அதுவாக ஒரு வைத்தியம் வேறு கண்டுபிடித்து வைத்திருந்தது.

பொதியன் என்ற வாத்து அதற்கு நேர் எதிர். பெயருக்கேற்ற உடம்பு. இறங்கிய இடமெல்லாம் கோரைக்கிழங்கைக் கிண்டித் தின்னும். வயிறு முட்டத் தண்ணீர் குடிக்கும். நிதானமாக இறகைக் கோதிவிட்டு, ஒற்றைக் காலில் நின்றபடியே தூங்கிப்போகும். சரியான சாப்பாட்டு ராமன் என்று கருவரி அதை வாய்க்கு வந்தபடி கேலி செய்யும்.

மலையடிவாரத்தில் இருந்த ஏரியில் கூட்டம் சில நாள் தங்கியது. கிளம்புவதற்கு முன்தினம் பொதியன் கருவரியிடம் வந்தது.

"நாளைக்கு மலை. ரெண்டு வாய் தண்ணியாவது குடிச்சிட்டு, கொஞ்சம் கண்ணசரேன்" என்றது.

"நீ தூங்குப்பா. உன்னையும் சேத்து நான் இழுத்துட்டுப் போறேன்" என்றது கருவரி.

விடிந்ததும் கிளம்பின. முன்பெல்லாம் மலைக்காற்று அடிவாரத்திலிருந்து ஏற்றிவிடும். இந்த முறை அது எதிர்த்து அடித்தது. மேலே போகப் போக மூச்சுக்குக் காற்றே போதவில்லை. கருவரிக்கு நாக்கு வறண்டு ஒட்டிக்கொண்டது. சிறகு கல்லாகக் கனத்தது. "இடம் மாத்து" என்று சொல்ல வாயெடுத்தது. பொதியன் சிரிக்குமே என்று அப்படியே விழுங்கிக்கொண்டது.

தான் கொஞ்சம் கொஞ்சமாகத் தாழ்ந்து வருவது அதற்கே தெரியவில்லை. பனிக்குள்ளிருந்து ஒரு கரும்பாறை கூராக நீட்டிக்கொண்டு எதிரே வந்தபோதுதான் உறைத்தது. பயந்துபோய்த் திரும்பிப் பார்த்தது. கூட்டம் மொத்தமும் அதோடு சேர்ந்து இறங்கிக்கொண்டிருந்தது! ஒன்றுகூட வரிசையை விட்டு விலகவில்லை. எல்லாம் அதன் வாலை நம்பியே வந்துகொண்டிருந்தன.

"இடம் மாத்து!" என்று கத்தியது கருவரி.

பொதியன் சட்டென்று முன்னால் வந்தது. கழுத்தை நீட்டிச் சிறகை ஓங்கி அடித்து, கூட்டத்தைப் பாறைக்கு மேலே கொண்டுபோய்விட்டது. தின்றதும் குடித்ததும் தூங்கியதும் எங்கே போயின என்று அப்போது தெரிந்தது.

கருவரி வரிசையின் கடைசியில் போய்ச் சேர்ந்துகொண்டது. அங்கே ஓர் அதிசயம் காத்திருந்தது. முன்னால் போன சிறகுகள் கிளப்பிய காற்று அதன் சிறகுக்கு அடியில் கைகொடுத்துத் தூக்கியது! பின்னால் பறந்த காலமே அதற்கு மறந்துபோயிருந்தது. மூச்சு சீரானதும் தலையை நிமிர்த்திப் பார்த்தது. சிகரத்துக்குப் பின்னால் சிகரமாக, கண் போகும் தூரமெல்லாம் வெயில் பட்டுப் பொன்னாக எரிந்தது. எங்கோ அடியில் ஓர் ஆறு நூலாகக் கிடந்தது. இத்தனை தடவை தாண்டியும் அது காற்றோடு மல்லுக்கட்டியதே தவிர, மலையைப் பார்த்ததே இல்லை.

அந்தப் பக்கத்து ஏரியில் இறங்கியதும் முதல் வேலையாகக் கருவரி தண்ணீர் குடித்தது. பொதியன் பக்கத்தில் வந்து நின்றது. சிரிக்கவில்லை.

"இந்த மலை எப்பவுமே இப்படிப் பொன்னாத்தான் இருக்குமா?" என்று மெல்லக் கேட்டது கருவரி.

"எப்பவும் இப்படித்தான்" என்றது பொதியன். "குடி, இன்னும் கொஞ்சம் குடி."

நெடுந்தூரம் போகிறவர் தன் உடம்பைப் பேணிக்கொள்வது, தன்னை நம்பிக் கூட வருகிறவர்களுக்குச் செய்யும் பெரிய உதவி.