வாசல் கல்

ஆலங்காட்டுக் குளத்தங்கரையில் மிருகங்கள் எல்லாம் சேர்ந்து ஒரு பானைப் பட்டறை நடத்தின. எருமை மண் மிதிக்கும். யானை தும்பிக்கையால் பானை வனையும். பூவாயி என்ற மந்தி, முதுகில் குட்டி தொற்றிக்கொண்டிருக்க, காய்ந்த பானைகளை ஒவ்வொன்றாக மார்போடு அணைத்துச் சூளைக் கொட்டகைக்குத் தூக்கிப் போகும். இவர்களுக்கெல்லாம் மேஸ்திரி, கருத்தமுத்து என்ற கரடி.

கோடையில் குளம் வற்றிவிடும். அதனால் பட்டறையில் உழைத்தவர்களுக்கு ஆளுக்கொரு பெரிய பானை. அதில் தண்ணீர் பிடித்து வைத்தால்தான் மழை வரும்வரை தாக்குப் பிடிக்கலாம்.

அந்த வருஷம் குளம் சீக்கிரமே வற்ற ஆரம்பித்தது. முழுக்க வற்றுவதற்குள் பானைகளைச் சுட்டு முடிக்க வேண்டும். இந்த லட்சணத்தில் தினம் இரண்டு பானை கொட்டகை வாசலிலேயே 'டமார்'!

"பூவாயி! கண்ணு என்ன பிடரியிலயா இருக்கு?"

"இல்லீங்க மேஸ்திரி! வாசல்ல கிடக்கிற கல்லு காலைத் தடுக்குதுங்க..."

மழைத் தண்ணீர் உள்ளே வராமலிருக்கக் கரடி தானே தூக்கி வந்து போட்ட கல் அது. அதைக் குறை சொன்னால் பொறுக்குமா?

"கல்லு மேல பழியைப் போடாதே! நானும் தினம் நூறு தடவை அதே வாசல்ல போறேன், வர்றேன். ஒரு தடவையாவது விழுந்தேனா? நாளையிலிருந்து நீ வேலைக்கு வர வேண்டாம்!"

"அப்ப என் பானை?"

கரடி குனிந்து உடைந்த ஓடுகளைப் பொறுக்க ஆரம்பித்தது. மந்தி குட்டியை இறுக்கிக்கொண்டு போய்விட்டது. பாவம், கரடிக்கும் மனசு கேட்கவில்லைதான். ஆனால் பானை உடையக் கூடாதே!

மறுநாள் நரி வேலைக்கு வந்தது.

"என் காலுக்கே கண்ணு உண்டு மேஸ்திரி, பாருங்க!" என்று மார்தட்டியது. மூன்றாவது நடையிலேயே 'டமார்'! நாலாவது நடையிலும் 'டமார்'!

"கல்லு தடுக்குதய்யா!"

"நீயுமா? நான் விழுந்தேனா?"

"ஆளை விடுங்க! உங்க வேலையும் வேண்டாம், பானையும் வேண்டாம்!" என்று நரி நொண்டிக்கொண்டே ஓட்டம் பிடித்தது.

இனித் தூக்க ஆளில்லை. சூளை பாதி காலி. குளத்திலோ முழங்கால் தண்ணீர்தான்.

"இதென்ன பிரமாதம்!" என்று கரடியே ஒரு பானையை அணைத்துக்கொண்டு நடந்தது. முகத்துக்கு முன்னால் பானைதான் தெரிந்தது. தரை தெரியவில்லை. தன் கால்கூடத் தெரியவில்லை. வாசல் வந்ததா, இல்லையா என்று யோசிப்பதற்குள்...

'டமார்'!

ஓட்டாஞ்சில்லுகளுக்கு நடுவே குப்புறக் கிடந்தது கரடி. மூக்குக்கு நேரே அந்தக் கல்!

"ஐயோ மேஸ்திரி, அடி பட்டுடுச்சா?" என்று எருமை ஓடி வந்தது.

"பட்டுச்சு, நல்லாவே பட்டுச்சு! நூறு தடவை நடந்தேன்னு பீத்திக்கிட்டேனே! நூறு தடவையும் வெறுங்கையோடதானே நடந்தேன்!"

எழுந்ததும் முதல் வேலையாக, கரடி அந்தக் கல்லைப் பெயர்த்து உருட்டித் தள்ளியது. மழைத் தண்ணீருக்குக் கொட்டகையைச் சுற்றி ஒரு வாய்க்கால் வெட்டிக்கொள்ளலாமே! பிறகு நொண்டி நொண்டி நாவல் மரத்தடிக்குப் போய் மந்தியின் முன்னால் நின்றது.

"பூவாயி, தப்பு என் மேலதான். நீ சொன்னே, என் காதுல ஏறலை. வேலைக்கு வா ஆத்தா. முதல் பானை உனக்குத்தான்."

மந்தி முகத்தைத் திருப்பிக்கொண்டது. கோபம் இருக்காதா? பிறகு திரும்பிப் பார்த்துக் கேட்டது:

"இனிமே ஏதாச்சும் சொன்னா கேட்பீங்களா?"

"கேட்கிறேன், சொல்லு!"

"எருமையண்ணன் மண்ணு மிதிக்கிற பள்ளத்துல நிழலே இல்லை. வெயில்ல தலை சுத்துதாம்."

"அங்கே அப்படி ஒண்ணும் வெயில்..." என்று ஆரம்பித்த கரடி, சட்டென்று நாக்கைக் கடித்துக்கொண்டது.

"இரு! இன்னைக்கு நான் இறங்கி மிதிச்சுப் பார்த்துட்டு வர்றேன்!"

உழைப்பவரைக் குறை சொல்லும் முன், அவர் சுமையை வாங்கிச் சுமந்து அவர் வழியில் ஒரு நடை நடந்து பார்க்க வேண்டும்.